ரோட்டரி ஃபைலை எப்போது தூக்கிப் போடுவது?

கேள்வி: தக்கலைப் பக்கம் சொந்தமாகப் பல் கிளினிக் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. ரூட் கெனால் சிகிச்சையில், பல் வேருக்குள் ஓடும் நுண்குழாயை (கெனால்) மோட்டாரில் சுற்றிக் குடைந்து சுத்தம் செய்கிற ரோட்டரி ஃபைல் ஒன்றை ஆறு பல் வரை பயன்படுத்துவேன். ஒவ்வொரு முறையும் லூப்ஸ் (உருப்பெருக்கிக் கண்ணாடி) போட்டுப் பார்த்த பிறகுதான் எடுப்பேன். போன வாரம் ஒரு ஃபைல் நாலாவது பல்லிலேயே ஒடிந்துவிட்டது. கீழ்க் கடைவாய்ப்பல், மீசியல் வேர் (முன்பக்க வேர்). 3 மி.மீ நீள நுனி உள்ளே நிற்கிறது. வெளியே வந்த துண்டில் ஃபைலின் சுருள் முறுக்கு கொஞ்சமும் குலையவில்லை. ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) பலமுறை போட்டதால் உலோகம் கெட்டுவிட்டதா? ஒரு ஃபைலை எத்தனை பல்லுக்குத்தான் பயன்படுத்தலாம்?

பதில்: முறுக்கு குலையவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. நுனி கெனாலில் சிக்கிக்கொண்டு மேல்பகுதி மட்டும் சுற்றி ஒடிந்திருந்தால், ஒடிந்த இடத்துக்குப் பக்கத்தில் முறுக்கு பிரிந்திருக்கும். அது முறுக்கு விசையால் வரும் முறிவு. உங்களுடையது பெரும்பாலும் களைப்பு முறிவு, அதாவது திரும்பத் திரும்ப வளைந்து உலோகம் சோர்ந்து ஒடிவது. இதில் லூப்ஸ் உங்களைக் காப்பாற்றாது. விரிசல் மேற்பரப்பில், ஃபைலைக் கடைந்தெடுத்தபோது விழுந்த நுண்ணிய கீறல்களில்தான் பெரும்பாலும் தொடங்கும். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வருமுன்பே ஒடிந்துவிடும்.

ஸ்கூட்டரின் ஆக்சிலரேட்டர் கேபிள் எங்கே அறுகிறது என்று மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள். நேராக ஓடுகிற இடத்தில் இல்லை, கைப்பிடிப் பக்கம் வளைகிற இடத்தில் என்பார். ஃபைலும் அப்படித்தான். வளைந்த கெனாலுக்குள் சுற்றும்போது, வளைவின் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் அமுங்கும். அரைச் சுற்றில் இரண்டும் இடம் மாறிவிடும். நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் நொடிக்கு 5 முறை. ஒரே இடத்தில் 10 நொடி நிறுத்தினால் அந்தப் புள்ளி 50 முறை வளைந்து நிமிர்ந்தாயிற்று.

இழுபடும் அளவையும் கணக்குப் போடலாம். 25 நுனி (0.25 மி.மீ தடிமன்), 6 சதவீத டேப்பர் (ஒவ்வொரு மி.மீ-க்கும் 0.06 மி.மீ தடிப்பது) உள்ள ஃபைல் நுனியிலிருந்து 3 மி.மீ தள்ளி 0.43 மி.மீ தடிமன் இருக்கும். வளைவின் ஆரம் 5 மி.மீ என்றால் வெளி விளிம்பு ஏறக்குறைய 4 சதவீதம் நீளும். ஆரம் 2 மி.மீ என்றால் 10 சதவீதத்துக்கு மேல். ஃபைலின் உலோகமான நிக்கல் டைட்டானியம் இழுபட்டுப் பழைய நிலைக்குத் திரும்புவது சுமார் 8 சதவீதம் வரைதான். அதனால் திடீரென்று மடங்குகிற கெனால் ஒன்று, இதமாக வளைகிற நாலைந்து கெனாலுக்குச் சமம். தடித்த ஃபைல் ‘பலமானது’ என்று நாம் நினைப்பதும் இங்கே தலைகீழ்: முறுக்கைத் தாங்கும், வளைவில் சீக்கிரம் போய்விடும்.

1997இல் ப்ரூயெட் குழுவினர் செய்த சோதனையும் இதைத்தான் காட்டியது. உடையும் வரை ஃபைல் தாங்குகிற சுற்றுகளின் எண்ணிக்கையை மோட்டார் வேகம் மாற்றவில்லை. வளைவின் ஆரமும் கோணமும் மாற்றின. வேகத்தைக் கூட்டினால் அதே எண்ணிக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும், அவ்வளவுதான்.

ஆட்டோகிளேவை நான் முதல் குற்றவாளியாக நிறுத்தமாட்டேன். ஃபைலை ராத்திரி முழுக்க ஹைப்போவில் (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) ஊறப்போடுகிற பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். கைப்பிடி வேறு உலோகம், ஃபைல் வேறு உலோகம். இரண்டும் சேர்ந்து அந்தக் கரைசலில் மூழ்கிக் கிடந்தால் அரிப்பு பிடிக்கும்.

சரி, எத்தனை முறை? முதலில் பாக்கெட்டைப் பாருங்கள். 2 என்ற எண்ணைக் குறுக்கே அடித்த குறி இருந்தால் ஒரே முறைதான், அதற்கு மேல் பேச்சில்லை. பிரிட்டனில் 2007இலேயே ரூட் கெனால் ஃபைல்களை ஒரு நோயாளிக்கு மட்டும் என்று சுகாதாரத் துறை சொல்லிவிட்டது. அங்கே காரணம் உடைவது இல்லை, தொற்று.

அந்தக் குறி இல்லாத ஃபைல்களுக்கு நான் பல்லை எண்ணுவதில்லை, பெட்டி மேல் ஒட்டிய சீட்டில் கெனால் கெனாலாகக் கோடு போடுகிறேன். எக்ஸ்ரேயில் மிதமான வளைவு தெரிந்தால் இரண்டு கோடு. எஸ் வடிவமோ, நுனியில் கொக்கி போல மடிந்த வேரோ என்றால், ஃபைல் அன்று காலைதான் பிரித்ததாக இருந்தாலும் அந்தப் பல்லோடு குப்பைக்கு. எட்டுக் கோடு விழுந்தால் எனக்கு அதன் கதை முடிந்தது. இது என் கணக்கு. நீங்கள் வாங்கும் ஃபைலுக்குத் தயாரிப்பாளர் சொல்வது இதைவிடக் குறைவு என்றால் அதையே பின்பற்றுங்கள்.

மழுங்கிய ஃபைலும் ஒரு காரணம். குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர்கள் கத்தியைத் தீட்டாமல் மரத்தில் வைக்கமாட்டார்கள். மழுங்கினால் கை தன்னாலே அழுத்தும், வெட்டு ஆழம் போய் மரம் கெடும். ஃபைலைத் தீட்ட வழியில்லை. கை அழுத்தத் தொடங்கியதுமே மாற்றிவிடுங்கள்.

அப்புறம், மேலே தடையில்லாமல் நேராக இறங்க வழி செய்து, 10, 15 எண் கே-ஃபைலால் (கையால் சுற்றும் மெல்லிய ஃபைல்) பாதை போட்ட பிறகே மோட்டாரை எடுங்கள். மேலே மிச்சமிருக்கும் டென்டின் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல்பகுதி) விளிம்பு ஃபைலைத் தள்ளி, இருக்கிற வளைவை இன்னும் கூர்மையாக்கும். சூட்டுப் பதம் செய்த நீல, தங்க நிற ஃபைல்கள் அதிகம் தாங்கும்தான். ஆனால் மேசைமேல் வளைத்துப் பார்த்து மயங்க வேண்டாம், வாய்ச் சூட்டில் அந்த ஆயுள் குறையும்.

உள்ளே நிற்கிற துண்டுக்கு வருவோம். வளைவுக்கு அப்பால் இருந்தால் வேரைக் குடைந்து எடுக்கப் போகாதீர்கள். வேர் ஓட்டையானால் பல்லே போய்விடக்கூடும். 8 அல்லது 10 எண் கே-ஃபைலால் பக்கவாட்டில் நுழைய முடிகிறதா என்று நிதானமாகப் பாருங்கள். கெனால் பெரும்பாலும் சுத்தமான பிறகு ஒடிந்ததென்றால், அதற்கு மேல் நன்றாக நிரப்பி மூடிய பல் நல்லபடி இருக்கக்கூடும். வேர் நுனியில் ஏற்கெனவே சீழ்க் கட்டி இருந்து, வேலை தொடங்கியதுமே ஒடிந்ததென்றால் நாகர்கோவிலுக்கு, மைக்ரோஸ்கோப் வைத்திருக்கும் எண்டோடான்டிஸ்டிடம் (ரூட் கெனால் நிபுணர்), எல்லா எக்ஸ்ரேயும் கொடுத்து அனுப்புங்கள்.

நோயாளியிடம் சொன்னீர்களா என்று எழுதவில்லை. எனக்கு முதன்முதல் ஒடிந்தபோது, நாற்காலியில் இருந்த பாட்டி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். “என்னவா இருந்தாலும் சொல்லிரு மக்ளே” என்றார். எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னேன். ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுக்க அவரே ஞாபகமாக வந்தார். உங்கள் நோயாளியையும் இந்த வாரமே கூப்பிட்டுச் சொல்லுங்கள். துண்டின் நீளம், நிற்கும் இடம், சொன்ன தேதி மூன்றையும் கேஸ் ஷீட்டில் எழுதி, ஆறு மாதத்தில் ஒன்று, ஒரு வருடத்தில் ஒன்று என எக்ஸ்ரேக்குத் தேதி கொடுத்து அனுப்புங்கள்.