சட்டம் படித்த மகள் கலாநிதிப் பட்டம் செய்யப் போகிறாள் என்றால்: காரைதீவுத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து இரண்டாம் வகுப்பு மேற்பிரிவில் சித்தியடைந்து, இப்போது கல்முனையில் ஒரு சீனியர் சட்டத்தரணியிடம் பயிற்சியில் இருக்கிறார். இனிக் கறுப்புக் கோட்டுப் போட்டு உழைக்கத் தொடங்குவார் என்று நீங்கள் நம்பியிருக்க, அவரோ சட்டமும் நீதிமன்றமும் அரசியலும் சேர்ந்த ஒரு துறையில் கலாநிதிப் பட்டம் செய்யப் போவதாகச் சொல்கிறார். வெளிநாட்டில் இந்தத் துறையில் விருது வாங்கிய ஓர் ஆய்வைப் பற்றிய செய்தியையும் உங்களுக்குக் காட்டியிருக்கிறார். இது என்ன படிப்பு, இதற்கு யார் சம்பளம் தருவார்கள், அரசியல் என்று போனால் பிள்ளைக்கு ஆபத்து வராதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தியப்பிரமாணம் செய்து சட்டத்தரணியாகிவிட்டுப் போகட்டும். கட்டணம் வாங்காமல் மாதப்படியும் தருகிற பல்கலைக்கழகம் எடுத்தால் மட்டும் போகட்டும். இந்த இரண்டும் சரிவந்தால் மகளைத் தடுக்காதீர்கள்.

சரி, இது என்ன படிப்பு? உங்கள் குடும்பத்தில் ஒரு காணி வழக்கு வருடக்கணக்காக இழுபட்டது என்று எழுதியிருந்தீர்கள். ஒவ்வொரு முறையும் தவணை, பிறகு இன்னொரு தவணை. சட்டத்தரணிக்கு அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம், எந்தப் பிரிவு பொருந்தும் என்பதுதான் கேள்வி. ஆய்வாளருடைய கேள்வி வேறு. இப்படியான வழக்குகள் எல்லாவற்றிலுமே ஏன் தவணை போகிறது? யாருடைய வழக்கு கெதியாக முடிகிறது, யாருடையது கிடந்து இழுபடுகிறது? பத்திரம் தொலைந்தவர்கள், இடம்பெயர்ந்து திரும்பியவர்கள், கணவனை இழந்த பெண்கள் வழக்குக்கு வரும்போது நீதிமன்றம் அவர்களுக்கு எப்படித் தெரிகிறது? நூற்றுக்கணக்கான வழக்கேடுகளைப் புரட்டி, நீதிமன்ற வாங்கில் நாள்கணக்கில் இருந்து பார்த்து, எழுதுவினைஞரிலிருந்து நீதிபதி வரை பேசி இதற்குப் பதில் தேடுவதுதான் அந்த ஆய்வு. கோடு கச்சேரி ஏறி அலைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் கேள்விகள் வருவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

விருது வாங்குகிற ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மகள் சொல்கிற இந்தத் துறைக்கு அமெரிக்காவில் பொதுச் சட்டம் என்று பெயர். அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம், அதில் மிகச் சிறந்த கலாநிதி ஆய்வேட்டுக்கு எட்வர்ட் கார்வின் என்ற அரசியலமைப்பு அறிஞரின் பெயரில் ஒரு விருது கொடுக்கிறது. அதைப் பெற்றவர்களில் ஒருவர் லீசா ஹில்பிங்க். அவர் எடுத்தது சிலி நாடு. 1973இல் அங்கே இராணுவத் தளபதி பினோசே புரட்சி செய்து ஆட்சியைப் பிடித்தார்; 1990 வரை விடவில்லை. பிள்ளையைக் காணோம், கணவனைக் காணோம் என்று ஆயிரக்கணக்கான ஆட்கொணர்வு மனுக்கள் நீதிமன்றங்களுக்குப் போயின. நீதிபதிகள் அநேகமாக எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தார்கள். அந்த நீதிபதிகள் பினோசே கொண்டுவந்து வைத்தவர்களும் அல்லர். சனநாயக ஆட்சியில் நியமனம் பெற்றவர்கள். அப்படியென்றால் ஏன்?

பயம் என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. அவர் சிலிக்குப் போய் நீதிபதிகளையே நேரில் கண்டு பேசினார். பழைய தீர்ப்புகளையும் படித்தார். அவர் கண்டது, நீதித்துறை அமைக்கப்பட்டிருந்த விதத்தை. கீழே உள்ள நீதிபதிக்குப் பதவி உயர்வு வேண்டுமென்றால் மேலே உள்ள நீதிபதிகள் அவரை மதிப்பிட்டு விரும்ப வேண்டும். அப்படி இருக்கும்போது மேலிடத்துக்குப் பிடித்த மாதிரித் தீர்ப்பு எழுதுகிறவர்தான் மேலே வருவார். அதோடு, 'நீதிபதி அரசியலில் தலையிடக் கூடாது' என்பதையே ஒரு பெருமையாக அவர்களுக்குப் பழக்கியிருந்தார்கள். ஆட்சி சட்டத்தை மிதித்த நேரத்திலும் அந்தப் பெருமையே அவர்களைப் பேசாமல் இருக்க வைத்தது. அரசியல் வேண்டாம் என்று இருந்ததே பெரிய அரசியலாகப் போய்விட்டது.

இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நம்முடைய நாடுதான், அக்கா. காணாமல் போனோருடைய தாய்மார் மட்டக்களப்பிலும் திருக்கோவிலிலும் தெருவில் இருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்தின் நீதியரசர்களை யார் சொல்லி யார் நியமிப்பது என்ற விதி இங்கே 2001இல் அரசியலமைப்பின் 17ஆம் திருத்தத்தால் மாறியது. 2010இல் 18ஆம் திருத்தம் அதை மாற்றியது. 2015இல் 19, 2020இல் 20, 2022இல் 21 என்று திரும்பத் திரும்ப மாறிக்கொண்டே வந்தது. ஒரு நாட்டில் இத்தனை முறை மாறினால், மாறுவதற்கு முன் தீர்ப்புகள் எப்படி இருந்தன, மாறிய பிறகு எப்படி இருந்தன என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இடையில் 2013 ஜனவரியில் ஒரு பிரதம நீதியரசரையே பாராளுமன்றம் குற்றப்பிரேரணை கொண்டுவந்து வீட்டுக்கு அனுப்பியது. 2015இல் அவர் திரும்ப அழைக்கப்பட்டார். 2018 டிசம்பரிலோ அதே உயர் நீதிமன்றம், ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று ஏழு நீதியரசர்களும் ஒருமித்துத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் முதல் மனுதாரர் திருகோணமலையின் சம்பந்தன் ஐயா. ஒரே நீதிமன்றம் ஒரு காலத்தில் வளைவதும் ஒரு காலத்தில் நிமிர்வதும் எதனால்? ஒரு கலாநிதி ஆய்வுக்கு இந்த ஒரு கேள்வியே போதும்.

இன்னும் கிட்ட வாருங்கள். வடக்கும் கிழக்கும் 1988இல் ஒரு மாகாணமாக இணைக்கப்பட்டன. கிழக்கில் சர்வசன வாக்கெடுப்பு வைத்துத்தான் அந்த இணைப்பு தொடர வேண்டும் என்று இருந்தது; வாக்கெடுப்பு வருடா வருடம் ஒத்திவைக்கப்பட்டது. 2006 அக்டோபர் 16இல் உயர் நீதிமன்றம் அந்த இணைப்புச் செல்லாது என்றது. 2007 முதல் நாம் தனிக் கிழக்கு மாகாணம். அந்தத் தீர்ப்பைத் தமிழர் ஒரு விதமாகப் பார்த்தார்கள், முஸ்லிம்கள் பலர் வேறு விதமாக, சிங்களவர் இன்னொரு விதமாக. மாளிகைக்காடு, நிந்தவூர் என்ற முஸ்லிம் ஊர்களுக்கு நடுவில் காரைதீவில் இருக்கிற உங்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் பதினெட்டு வருடம் எழாத கேள்வி 2006இல் ஏன் எழுந்தது? மனுதாரர்கள் யார், அவர்களுக்குப் பின்னால் இருந்த அரசியல் என்ன, நீதிமன்றம் ஏன் அப்போது கேட்கத் தயாராக இருந்தது? எந்தப் பக்கமும் சாயாமல் இதை எழுத, மூன்று சமூகத்தோடும் பேசக்கூடிய ஒருவர் வேண்டும். உங்கள் மகளைப் போன்ற ஒருவர்.

மகளுக்கு உள்ள பெரிய பலத்தை அவரே உணர்ந்திருப்பாரோ தெரியாது. உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. அதைக் கொழும்பில் இருப்பவரும் படிக்கலாம், லண்டனில் இருப்பவரும் படிக்கலாம். கல்முனை, அக்கரைப்பற்று, ஏறாவூர், வாழைச்சேனை நீதிமன்றங்களில் வழக்கேடு தமிழில் இருக்கிறது. கையெழுத்தில், சுருக்கக் குறிப்புகளில், அந்தந்த இடத்துப் பேச்சுவழக்கில் கிடக்கிற அந்த ஏடுகளை வாசித்து விளங்கக்கூடிய ஆய்வாளர் உலகத்தில் மிகச் சிலர். காதி நீதிமன்றங்களும் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டமும் ஒரு பக்கம். 19ஆம் நூற்றாண்டில் மட்டக்களப்பு நீதிமன்றங்கள் தாய்வழிச் சொத்துரிமைக்கு நடைமுறைப்படுத்திய, முக்குவர் சமூகத்தின் வழமைச் சட்டமான முக்குவர் சட்டம் இன்னொரு பக்கம். இவற்றில் ஒன்றைக் கையிலெடுத்தால், பெரிய பல்கலைக்கழகத்துத் தெரிவுக் குழு நின்று படிக்கும். 'இலங்கையில் சட்டத்தின் ஆட்சி' என்று பொதுவாக எழுதினால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இதை மகளிடம் அப்படியே சொல்லுங்கள். சிங்களமும் கொஞ்சம் நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் இந்த நாட்டின் நீதித்துறையைப் பாதிதான் பார்க்கலாம்.

இனிக் காசுக் கதை. இதில்தான் நீங்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். மட்டக்களப்பு டவுனிலும் கல்முனையிலும் வெளிநாட்டுப் படிப்பு என்று போர்டு மாட்டியிருக்கிற இடங்கள் ஒரு வருட முதுமாணிக்கு இலட்சக்கணக்கில் கேட்கும். வயலை ஈடு வைத்து அப்படி அனுப்பிவிட்டு, திரும்பி வந்த பிள்ளையும் வேலையில்லாமல், கடனும் அடைக்க முடியாமல் நிற்கிற குடும்பங்களை நான் அறிவேன். கலாநிதிப் படிப்பு அப்படிப்பட்டது அல்ல. அமெரிக்காவில் நல்ல அரசியல் விஞ்ஞானத் துறைகள் கலாநிதி மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. வகுப்பெடுக்க உதவி செய்வதற்கு மாதப்படி கொடுக்கின்றன. ஐந்து ஆறு வருடம் ஆகும். அவுஸ்திரேலியாவில் மூன்றரை நான்கு வருடம், அரசின் ஆய்வுப் புலமைப்பரிசில் கிடைத்தால் அது கட்டணத்தையும் செலவையும் பார்த்துக்கொள்ளும். அங்கும் பிரித்தானியாவிலும் முதலில் ஒரு மேற்பார்வையாளரைத் தேடிப் பிடித்து ஆய்வு முன்மொழிவை அனுப்பிச் சம்மதம் வாங்க வேண்டும். அமெரிக்காவில் நேரே துறைக்கே விண்ணப்பம். பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடிந்துவிடும். முகவர் யாருக்கும் இதில் வேலை இல்லை. அனுமதிக் கடிதம் வந்து, நிதி பற்றி அதில் ஒரு வரியும் இல்லையென்றால், பல்கலைக்கழகத்தின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள்.

முதுமாணியை முதலில் முடிக்க விரும்பினால் பிரித்தானிய அரசின் செவனிங், அமெரிக்க அரசின் புல்பிரைட் புலமைப்பரிசில்கள் இருக்கின்றன. செவனிங்குக்கு ஏறத்தாழ இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்தால் இரண்டு வருடம் நாட்டில் வந்து இருக்கவும் வேண்டும். அந்த அனுபவத்துக்காகத்தான் சத்தியப்பிரமாணம் முடிந்த கையோடு வழக்குகளுக்குப் போகட்டும், அல்லது மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் மாதிரி ஓர் இடத்திலோ கொழும்பில் ஓர் ஆய்வு நிறுவனத்திலோ இருக்கட்டும் என்கிறேன். நீதிமன்றத்துக்குள் நின்று பார்த்தவருடைய ஆய்வு வேறு மாதிரி இருக்கும். சட்டத்தரணி என்ற தகுதியும் சாகும்வரை கூடவே வரும். ஆய்வு இடையில் நின்றாலும் பிள்ளை வெறுங்கையோடு வரமாட்டார். கலாநிதிப் படிப்பைத் தொடங்குகிற எல்லோரும் முடிப்பதில்லை என்பதையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

பிறகு வேலை? பட்டதாரிகள் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில் வேலை கேட்டுப் போராட்டம் இருந்ததைப் பார்த்த ஊர் இது, உங்கள் பயம் நியாயம்தான். ஆனால் இந்தத் துறையில் கலாநிதிகள் இங்கே குறைவு. யாழ்ப்பாணம், கொழும்பு, பேராதனை, திறந்த பல்கலைக்கழகம் ஆகியவற்றில் சட்டம் கற்பிக்கிறார்கள். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கலை கலாசார பீடங்கள் இருக்கின்றன. மகள் முதலில் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்துவிட்டால், சம்பளத்தோடு படிப்பு விடுமுறை பெற்றுப் போகவும் வழி உண்டு. திரும்பி வந்து இத்தனை வருடம் வேலை செய்வேன் என்று பிணை எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், ஆனால் வெற்றிடம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதற்காகக் காத்துக் கிடக்க வேண்டாம். விருதைப் பற்றி ஒரு சொல்: அதற்கு மாணவர் தானாக விண்ணப்பிப்பதில்லை, பொதுவாக அவருடைய துறைதான் முன்மொழியும். அதை நினைத்துக்கொண்டு ஒருவரும் ஆய்வு தொடங்குவதில்லை. கிடைத்தால் விரிவுரையாளர் வேலைக்கு உதவும்.

ஆபத்து என்று கேட்டீர்களே. நமது ஊரில் அந்தச் சொல்லுக்கு உள்ள கனம் எனக்குத் தெரியும். நீலன் திருச்செல்வம் ஹாவார்டில் கலாநிதிப் பட்டம் பெற்றுவந்து அரசியலமைப்புக்காக உழைத்தவர். 1999 ஜூலையில் கொழும்பில் கொல்லப்பட்டார். அதை மறந்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லமாட்டேன். அவர் நேரடி அரசியலில், பாராளுமன்றத்தில், போர் நடந்த காலத்தில் இருந்தவர். உங்கள் மகள் செய்யப் போவது ஆய்வு. பல்கலைக்கழகத்து நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்த பிறகே ஆட்களைப் பேட்டி காணலாம். பேசியவர்களின் பெயரை மறைத்து எழுத வேண்டும். குறிப்புகளைப் பூட்டி வைக்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும் வழக்கில் கை வைக்காமல், முடிந்த தீர்ப்புகளை எடுக்கட்டும். முடிந்த தீர்ப்பை ஆதாரத்தோடு விமர்சிப்பது ஆய்வாளரின் உரிமை.

கலியாணத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது மகளும் நீங்களும் இருந்து பேச வேண்டியது, நான் நடுவில் வரவில்லை. படிக்கிற காலத்தில் கலியாணம் செய்து துணையையும் கூட்டிக்கொண்டு போனவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். சட்டக் கல்லூரிப் பரீட்சை முடியும்வரை விண்ணப்பம் எதுவும் வேண்டாம். அதுவரைக்கும் கிழமைக்கு ஒரு நாள், பயிற்சிக்குப் போகிற நீதிமன்றத்திலேயே ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு, எந்த வகை வழக்கு, எத்தனையாவது தவணை, ஏன் தள்ளிப்போனது என்று திறந்த மன்றில் நடப்பதை மட்டும் குறித்துவரட்டும். சீனியரிடம் சொல்லிவிட்டே செய்யட்டும், வழக்குக்காரர் பெயர் எழுத வேண்டாம். ஆறு மாதம் போனால் அந்தக் கொப்பியில் இருந்தே ஒரு கேள்வி கிளம்பும். அதை இரண்டு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையின் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும், ஆகவே அதற்கு அவசரப்பட்டு இப்போதே காசு கட்ட வேண்டாம். அந்த இரண்டு பக்க எழுத்தும் வந்த பிறகு ஒரு சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், எந்தப் பல்கலைக்கழகம், எந்த மேற்பார்வையாளர் என்று மூன்று பேரும் இருந்து பார்ப்போம்.