பைபிள் பாடத்தில் சி மைனஸ்: விட்டுவிடலாமா?

அமெரிக்காவில் லூத்தரன் (ஒரு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவு) கல்லூரியில் படிக்கும் நீங்கள், பைபிள் பாடக் கட்டுரைக்கு சி மைனஸ் என்ற குறைந்த மதிப்பெண் வந்ததால் பாடத்தையே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம். அமெரிக்காவில் பல லூத்தரன் கல்லூரிகளில் ஒரு சமயப் பாடமாவது முடிக்காமல் பட்டம் கிடையாது. இப்போது விட்டால் பிறகு எடுத்தே ஆக வேண்டியிருக்கும்.

இந்து என்பதால் மதிப்பெண் குறைந்ததா என்று கேட்கிறீர்கள். காரணம் வேறு என்றுதான் தோன்றுகிறது. பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் படைப்புக் கதையைக் கட்டுரையில் நான்கு பக்கத்துக்குத் திருப்பிச் சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பேராசிரியர்கள் கேட்பது வாதம். முதல் அதிகாரத்தில் விலங்குகளுக்குப் பிறகு மனிதன் படைக்கப்படுகிறான். இரண்டாம் அதிகாரத்தில் மனிதனுக்குப் பிறகுதான் விலங்குகள். ஏன் இப்படி? இந்த ஒரு கேள்வியை வசனம் வசனமாகப் பிடித்துக்கொண்டு எழுதுங்கள். அதற்கு நம்பிக்கை தேவையில்லை, கவனமான வாசிப்பு போதும். மனப்பாடத்தில் வளர்ந்த நமக்கு முதல் செமஸ்டரில் விழும் அடி இது. எனக்கும் விழுந்தது.

சோதித்துப் பார்க்க: ஒவ்வொரு பத்தியின் முதல் வரியை மட்டும் படியுங்கள். எல்லாம் "பிறகு கடவுள்..." என்று போனால் அது கதைச் சுருக்கம்தான். அப்புறம், அந்தத் தாளோடு பேராசிரியரை நேரில் போய்ப் பாருங்கள்.

அப்படியும் விடுவதென்றால், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்கு (பாடச் சுமையின் அளவு) குறையக் கூடாது. உங்கள் 16-இல் நான்கு போனால் சரியாக 12. வேறெதையும் தொட முடியாது. பாடத்தை விடும் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே வெளிநாட்டு மாணவர் ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.