தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ரிவால்வர்: என்ன செய்வது?

நண்பரே, புரசைவாக்கம் வீட்டுப் பரணில், இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய உங்கள் தாத்தாவின் பெட்டிக்குள் என்ஃபீல்டு ரிவால்வரும் சில தோட்டாக்களும் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். "பழங்காலச் சாமான், லைசென்ஸ் எதற்கு?" என்று உங்கள் சித்தப்பா சொல்வதை நம்ப வேண்டாம்.

பிரிட்டிஷ் ராணுவம் 1932-ல் ஏற்ற என்ஃபீல்டு எண் 2 அது. பின்புறச் சுத்தியலில் கட்டைவிரல் வைக்கும் கொக்கி இல்லை என்கிறீர்களே, அப்படியானால் 1938-ல் வந்த திருத்திய வடிவம். டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது அந்தக் கொக்கி எதிலாவது மாட்டிக்கொள்ளும் என்பதால் நீக்கினார்கள் என்பார்கள். விசையை அழுத்தமாக இழுத்தாலே போதும், சுடும். தானியங்கிப் பிஸ்டல்கள் வந்த பிறகும் 1960-கள் வரை பிரிட்டிஷ் ராணுவம் இதைக் கைவிடவில்லை. இதன் உடன்பிறப்பான வெப்லி மார்க் 4 ரிவால்வரின் அமைப்பைத் தழுவித்தான் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை இன்றும் 0.32 அங்குல ரிவால்வர் செய்கிறது. வயதாகிவிட்டது என்பதால் மட்டும் இது பொம்மையாகிவிடாது. சுடக்கூடிய நிலையில் இருந்தால் ஆயுதச் சட்டம், 1959 இதற்கும் பொருந்தும்.

குழலை மடக்கித் திறந்து பார்க்காதீர்கள், எண்ணெய் விடாதீர்கள். அறையைப் பூட்டிவிட்டு உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். பையில் போட்டுப் பஸ்ஸில் எடுத்துச் செல்ல வேண்டவே வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். ஒப்படைக்கும்போது ரிவால்வரின் எண்ணைக் குறித்து ரசீது வாங்குங்கள். பெட்டியில் பழைய லைசென்ஸ் புத்தகம் இருக்கிறதா என்றும் தேடுங்கள். வாரிசாக நீங்களே வைத்துக்கொள்ள விரும்பினால், வேப்பேரி காவல் ஆணையர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க அந்தப் புத்தகமும் ரசீதும் உதவும்.