உதட்டைப் பிதுக்கினால் என்ன அர்த்தம்?

கோத்தகிரியில் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முகத்தாலேயே ஆளைத் தள்ளிவிடும் சைகைகள் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி (குன்னூருக்கு மாற்றலாகி வந்தவர்): ஊட்டி மார்க்கெட்டில் பீன்ஸ் விலையைக் குறைத்துக் கேட்டேன். கடைக்கார அம்மா பேசவே இல்லை, கீழுதட்டைப் பிதுக்கினார். அவமானப்படுத்தினாரா சார்?

பதில்: கட்டுப்படியாகாது என்றிருக்கிறார், அவ்வளவுதான். பிதுக்கலுக்கு முதல் அர்த்தம் 'இல்லை', 'தெரியாது'. டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார் என்றால் நோயாளியை இளக்காரம் செய்தாரா என்ன? பிழைப்பது கஷ்டம் என்கிறார். அலட்சியமா என்று தெரிய உதட்டைப் பார்த்துப் பயனில்லை, கண்ணைப் பாருங்கள். 'தெரியாது' என்பவர் உங்களைப் பார்த்தபடியே பிதுக்குவார். புருவம் லேசாக ஏறும், சில சமயம் கையும் விரியும். அலட்சியக்காரர் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்புறம் பிதுக்குவார். அதற்குள் முகம் அடுத்த ஆளிடம் போயிருக்கும்.

கேள்வி (கூடலூர் மாணவி): மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள் என்று கதைகளில் வருகிறதே, நிஜத்தில் யாராவது செய்வார்களா ஐயா?

பதில்: பேரம் பேசி வாங்கினேன் என்று ஒரு குடையை வீட்டில் காட்டிப் பாரம்மா. என் மனைவி தலையை வெடுக்கென்று திருப்பினாள். மோவாய் தோளைத் தொட்டுத் திரும்பியது. கூடவே ஒரு "க்கும்". நொடிப்பது என்பார்களே, அதுதான். வழியில் போகிறவரிடம் இதைச் செய்ய மாட்டார்கள். புருஷன், நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா என்று உரிமை உள்ள இடத்தில்தான். எங்கள் ஊர் ஜனவரிக் குளிரில் மஃப்ளரும் சால்வையும் சுற்றிய பிறகு மோவாய் எங்கே, தோள் எங்கே? வெறும் கண்வெட்டுதான்.

கேள்வி: 'உச்' கொட்டுவது இரக்கமா, சலிப்பா?

பதில்: மெதுவாக நாலைந்து தடவை என்றால் இரக்கம். வெட்டினாற்போல் ஒன்றே ஒன்று என்றால் சலிப்பு.

கேள்வி: தொல்காப்பியத்தில் இதெல்லாம் உண்டா?

பதில்: அதில் மெய்ப்பாட்டியல் என்ற பகுதி, மனசில் இருப்பது உடம்பில் தெரியும் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. எள்ளலை (இகழ்வதை) அது வெகுளியில் (கோபத்தில்) சேர்க்கவில்லை. எள்ளல், இளமை, பேதைமை, மடன் நான்கும் நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடங்கள். நொடித்தவள் அடுத்த நிமிஷம் சிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இதை நடத்தி முடித்து, புரிந்ததா என்று கேட்டேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் உதட்டைப் பிதுக்கினான். அவசரமாகக் கண்ணைப் பார்த்தேன். அது ஜன்னலுக்கு வெளியே இருந்தது.