கருப்பு கார், வெயில்ல பார்க்கிங்: செராமிக் கோட்டிங்கா வாக்ஸா?

கேள்வி: கருப்பு கலர் கார் வாங்கி ஆறு மாசம் ஆச்சு, பகல் முழுக்க வெயில்லதான் நிக்குது. செராமிக் கோட்டிங் போட்டுட்டா அஞ்சு வருஷத்துக்கு ஒரு கீறல் விழாதுன்னு கடையில சொல்றாங்க. மாமா என்னடான்னா வாக்ஸ் போட்டாலே போதும், எதுக்கு காசைக் கொட்டுறேங்கறார். எதைக் கேக்கறது?

பதில்: உங்க நிலைமைக்கு கோட்டிங்தான் சரி, ஆனா கடைக்காரர் சொன்ன காரணத்துக்காக இல்ல. கீறல் விழாதுங்கறதெல்லாம் வியாபாரப் பேச்சு.

பெயிண்ட்டுக்கு மேல கலரே இல்லாத க்ளியர் கோட்னு ஒரு லேயர் இருக்கு, பொதுவா 40, 50 மைக்ரான் கனம், தலைமுடியை விட மெல்லிசு. பளபளப்பும் அதுலதான், நாம புலம்புற கீறல்ல பாதிக்கு மேல அதுலதான். அதுக்கு மேல திரவமா தடவற செராமிக் கோட்டிங் காஞ்சு நிக்கறது ஒரு மைக்ரான், மிஞ்சிப்போனா ரெண்டு. இது கல்லு தெறிச்சா தாங்கும், சாவியால இழுத்தா தாங்கும்னு எதிர்பார்த்தா எப்படி? டப்பாவுல 9எச்-னு பெருசா போட்டிருக்கும், அது பென்சிலை வச்சு கீறிப் பாக்குற டெஸ்ட்டோட அளவு, மத்தபடி வைரத்துக்கெல்லாம் பக்கத்துலகூட வராது. கல்லுதான் கவலைன்னா பிபிஎஃப், அதாவது பெயிண்ட் ப்ரொடெக்ஷன் ஃபிலிம் ஒட்டணும், அது 150லேர்ந்து 200 மைக்ரான் கனமான பாலியூரித்தேன் ஃபிலிம். முழு காருக்கும் ஒட்ட முடியலைன்னா முன் பம்பருக்கும் பானட்டுக்கும் மட்டும் ஒட்டினாலே நல்ல பலன் இருக்கும்.

அப்போ கோட்டிங் எதுக்குன்னா, அழுக்கு ஒட்டாம வழுக்கிட்டு போகும், கழுவறது சுலபம், வெயிலையும் கெமிக்கலையும் வாக்ஸை விட ரொம்ப நாள் தாங்கும். மாமா சொல்ற வாக்ஸ் மோசம்னு சொல்லவே மாட்டேன், கருப்பு பெயிண்ட்ல கார்னோபா வாக்ஸ் தர்ற அந்த ஆழமான மினுக்கு எனக்கே ரொம்ப பிடிக்கும். ஆனா அது பிரேசில்ல வளர்ற ஒரு பனை வகை மரத்தோட இலையில இருந்து எடுக்கற மெழுகு, சுமார் 82 டிகிரியில உருக ஆரம்பிச்சுடும், கருப்பு பானட் உச்சி வெயில்ல 70 டிகிரியைத் தாண்டறதும் உண்டு, அதோட டப்பாவுல வர்றது எண்ணெய், கரைப்பான் எல்லாம் கலந்த வாக்ஸ், அதனால இன்னும் சீக்கிரம் இளகிடும். ஷெட்டுல நிக்கற காருக்கு ரெண்டு மூணு மாசம் தாங்கறது உங்க காருக்கு சில வாரத்துலயே போயிடும். மாசா மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து வாக்ஸ் போடறது உங்களுக்கு சந்தோஷம்னா தாராளமா போடுங்க, தப்பா போட்டாலும் துடைச்சுட்டா சரியாயிடும். கோட்டிங்ல அந்த சலுகை இல்ல. தடவினதும் மேல வானவில் மாதிரி ஒரு மினுமினுப்பு வரும், அந்த நேரத்துல துடைக்கணும், விட்டுட்டா திட்டுத்திட்டா அப்படியே இறுகிடும், அப்புறம் பாலிஷ் மெஷின் வச்சுத்தான் எடுக்க முடியும்.

கடையில நீங்க கேக்க வேண்டியது எத்தனை வருஷ வாரண்டின்னு இல்ல, கோட்டிங்குக்கு முன்னாடி என்ன செய்வீங்கன்னு. இன்னிக்கு ராத்திரி மொபைல் டார்ச்சை பானட் மேல அடிச்சுப் பாருங்க, வெளிச்சத்தைச் சுத்தி சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கோடு தெரியும், ஆறு மாசக் கருப்பு கார்ல அனேகமா இருக்கும். அதை எடுக்காம மேல கோட்டிங் போட்டா அதையும் சேத்து மூடி வச்ச மாதிரி ஆயிடும். நல்லா கழுவி, பிரேக்ல இருந்து பறந்து ஒட்டின இரும்புத் தூளை கெமிக்கல் போட்டுக் கரைச்சு, க்ளே பார்ங்கற களிமண் மாதிரி கட்டியால தேய்ச்சு மிச்ச அழுக்கை எடுத்து, பாலிஷ் பண்ணி, கடைசியா ஆல்கஹால் கலவையால எண்ணெய்ப் பிசுக்கைத் துடைச்சுட்டுத்தான் கோட்டிங். நீங்க குடுக்கற காசுல பெரும்பகுதி இந்த வேலைக்குத்தான், காலையில வண்டியை விட்டா மதியம் எடுத்துக்கலாம்னு சொன்னா இதுல எதையோ தாண்டிப் போறாங்கன்னு அர்த்தம்.

போட்டதுக்கு அப்புறம் முதல் நாள் தண்ணியே படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பூ வேண்டாம். பறவை எச்சம் விழுந்தா கோட்டிங் இருக்கேன்னு விட்டுடாதீங்க, வெயில்ல காஞ்சா கோட்டிங்கையும் அரிச்சுடும், அன்னிக்கே ஈரத்துணியை மேல போட்டு ஊற வச்சு எடுங்க, தேய்க்காதீங்க. உப்புத்தண்ணிப் பிரச்சனையும் அப்படித்தான்: தண்ணி முத்து முத்தா நிக்கறது பாக்க அழகு, அந்த முத்து அப்படியே காஞ்சா வெள்ளை வட்டமா கறை விழும், வெயில்ல கழுவாதீங்க, கழுவினதும் ஈரத்தை ஒத்தி எடுங்க. ரெண்டு பக்கெட் வச்சுக்கங்க, ஒண்ணுல ஷாம்பூ, இன்னொண்ணுல துணி அலச வெறும் தண்ணி, துணி மைக்ரோஃபைபரா இருக்கட்டும், கீழ விழுந்த துணியைத் திரும்பத் தொடவே தொடாதீங்க. அந்த வட்டக்கோடெல்லாம் வர்றதே தப்பா கழுவறதுலதான், தூசி மேல காஞ்ச துணியால தினமும் தட்டித் துடைக்க ஆள் வச்சிருந்தீங்கன்னா முதல்ல அதை நிறுத்துங்க.

இந்த ஆறு மாசத்துல எங்கயாவது இடிச்சு ஏதாவது பேனலை வெளியில பெயிண்ட் அடிச்சிருந்தா அதைக் கடையில சொல்லிடுங்க, கம்பெனி பெயிண்ட் மாதிரி அதிக சூட்டுல வேக வச்சது இல்ல அது, உள்ள இருக்கற கரைப்பான் முழுசா வெளியேற ஒண்ணு ரெண்டு மாசம் ஆகும், அதுவரைக்கும் அந்தப் பேனல்ல வாக்ஸும் வேண்டாம் கோட்டிங்கும் வேண்டாம்.