வாழையா, வாளையா? குழந்தைகளின் வாசிப்புத் தேர்வு பற்றிய கேள்வி பதில்

குழந்தைகளின் கற்றலை அளக்கும் தேர்வுகளை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொண்டுவருவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் வேலைக்குள் வருவனவற்றுக்கு எழுதுகிறேன்.

ஆய்வு மாணவி, கோவை: ஆங்கிலத்தின் ஒரு நிமிட வாசிப்புத் தேர்வைத் தமிழாக்கியிருக்கிறேன். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற அளவை அப்படியே வைக்கலாமா?

வைத்தால் நம் பிள்ளைகள் எல்லாரும் மக்குகளாகத் தெரிவார்கள். ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக வரும் செய்தி தமிழில் ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்று ஒரே சொல்லில் அடங்கும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை அதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் கடிகாரம் ஓடிவிடும். கணக்கில் சேர்வதோ ஒரு சொல். சொல்லை விட்டு எழுத்தை எண்ணுங்கள்.

தனி எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் பகுதியிலும் இதே வம்பு. 26 எழுத்து மொழிக்காகப் போட்ட கட்டத்தில் அ, ஆ, க, ச என்று நிரப்பினால் பாதி வகுப்பு தேறிவிடும். பிள்ளைகள் இடறுவது கொம்பிலும் காலிலும்தான்: கெ, கே, கொ, கோ. நம் 247 எழுத்தில் 216 உயிர்மெய். கட்டத்திலும் அவைதான் மிகுந்திருக்க வேண்டும். அச்சுக்கு அனுப்பும் முன் பத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

தொண்டு நிறுவன ஊழியர்: தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்த்துவிட்டோம். போதாதா?

போதாது. சென்னையில் எழுதிய ‘பப்பாளி’யும் ‘நிலக்கடலை’யும் ஆங்கிலத்துக்குப் பழுதில்லாமல் திரும்பிப் போகும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அவை பப்பாசி, கச்சான். பத்துப் பிள்ளைகள், மறக்க வேண்டாம்.

ஒரு தாய்: மகளுக்கு ஐந்து வயது. எந்த ஐக்யூ தேர்வு நல்லது?

குழந்தை உளவியலாளரிடம் கேளுங்கள் அம்மா. இது என் துறை அன்று.

பட்டதாரி, திருச்சி: சொல்லே இல்லாமல் படமும் வடிவமும் வைத்தால் பண்பாட்டுச் சிக்கல் தீர்ந்துவிடும் அல்லவா?

தீராது. உளவியலாளர் ராபர்ட் செர்பெல் 1979இல் வெளியிட்ட ஆய்வில், ஜாம்பியப் பிள்ளைகளும் இங்கிலாந்துப் பிள்ளைகளும் ஒரே மாதிரி வடிவங்களைப் பார்த்துச் செய்தார்கள். தாளில் வரைவதில் இங்கிலாந்துப் பிள்ளைகள் முந்தினார்கள். கம்பியை வளைப்பதில் ஜாம்பியப் பிள்ளைகள் முந்தினார்கள். கம்பியில் கார் செய்து தெருவில் உருட்டி விளையாடுகிறவர்கள் ஆயிற்றே. களிமண்ணில் இரு தரப்பும் ஏறத்தாழச் சமம். பென்சிலை மட்டும் கொடுத்திருந்தால் என்ன அறிக்கை வந்திருக்கும்? பிற்பாடு ஜாம்பியாவிலேயே, மனித உருவத்தை வரையச் சொல்லாமல் களிமண்ணில் செய்யச் சொல்லும் ‘பங்கா முந்து’ தேர்வு உருவானது.

ஆசிரியர், மதுரை: ‘வாழை’யை ‘வாளை’ என்று படிக்கும் பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்கலாமா?

கூடாது. வீட்டில் ‘வாளப்பளம்’ என்று பேசும் பிள்ளை எழுத்தைச் சரியாகவே கண்டுகொண்டிருக்கலாம். நாக்கு ஊர் வழக்கில் போகிறது.

தமிழாசிரியர், தஞ்சை: ழகரம் தமிழின் உயிர். அதை விட்டுக்கொடுக்கும் தேர்வும் ஒரு தேர்வா?

ஐயா, தாராளமாகக் கற்றுக்கொடுங்கள். ஆனால் உச்சரிப்புப் பயிற்சி வேறு, வாசிப்பை அளப்பது வேறு. சந்தேகமா? வாழை மரம், வாளை மீன் என்று இரண்டு படங்கள் வையுங்கள். ‘வாழை’, ‘வாளை’ என்று எழுதிய சீட்டுகளை வாய் திறக்காமல் பொருத்தச் சொல்லுங்கள். ஆற்றோரத்து ஊர் ஒன்றில் ‘வாளப்பளம்’ தின்கிற பிள்ளைகள் நொடியில் பொருத்தியதைப் பார்த்திருக்கிறேன். மீன் தெரியாத ஊரில் இந்தச் சோடி உதவாது.

அதே தமிழாசிரியர்: அப்படியானால் ‘அரிசி’யை ‘அரசி’ என்று படித்தாலும் சரியா?

தவறு. எந்த வீட்டிலும் அரசியை உலையில் போடுவதில்லை. அங்கே பிள்ளை எழுத்தைத் தவறவிட்டிருக்கிறது.

வாசகர், சேலம்: ளகரத்தை லகரமாகப் படித்தால்?

மதுரை ஆசிரியருக்குச் சொன்ன அதே பதில்.

இன்னொரு வாசகர்: பேச்சு வழக்கை அனுமதித்தால் தமிழ் அழிந்துவிடாதா?

தஞ்சை ஐயாவுக்கு எழுதியதைப் படியுங்கள்.

பயிற்சி ஆசிரியை: மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்தால் என்ன?

எடுங்கள். அப்புறம் பத்துப் பிள்ளைகள்.

தமிழாசிரியர், தஞ்சை: படங்களை நானே வரைந்து வகுப்பில் வைத்தேன். பலரும் பொருத்திவிட்டார்கள். இருவர் மட்டும் மீனைக் கெளுத்தி என்கிறார்கள். இவர்களுக்குப் பூஜ்யம்தானே?

ஐயா, பூஜ்யம் படத்துக்கு. கெளுத்திக்கும் மீசை உண்டு, வாளைக்கும் மீசை உண்டு. உடலை நீளமாக, பட்டையாக வரைந்து அந்த இருவரிடமே மறுபடி காட்டுங்கள்.