அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஆறு கிழமை. இன்னொரு மூளை ஸ்கான் எடுத்தால் வலது கை எப்போது வரும் என்று தெரியுமா?

ஆறாம் கிழமையில் எம்.ஆர்.ஐ. ஞாபகம் வருகிறதென்றால் உங்களுக்கும் கனடாவிலோ லண்டனிலோ ஒரு அண்ணன் இருக்க வேண்டும். கோபிக்காதீர்கள், எனக்கும் ஒருவர் இருக்கிறார்.

நான் டொக்டர் இல்லை. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் ஓ.எல். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். "ஸ்கான் வேண்டாம் என்று சொல்ல நீ யார்" என்று கீழே வந்து எழுதப் போகிறவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. முதல் நாள் ஸ்கான் உயிரைக் காக்கும். இனிமேலும் திடீரென்று வாய் கோணினால், பேச்சுக் குழறினால், வலிப்பு வந்தால் அந்த நேரமே தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். காரணம் தேடி டொக்டர் தானாக இன்னொரு படம் எழுதித் தந்தால் அதையும் எடுங்கள். நீங்கள் கேட்டது வேறு கேள்வி. கை எந்த மாதம் வரும் என்று நாள் குறித்துத் தருகிற படம் கிடையாது. அந்தப் படத்துக்காகக் காசும் நாளும் தொலைத்த வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வந்தது 2022 இல், பெற்றோல் வரிசைக் காலம். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரை நம்பிச் சிறுபோகத்துக்குக் கச்சான் போட்டிருந்தோம். விடிய ஐந்து மணிக்குத் தண்ணீர் மாற்றப் போகவென்று எழும்பியவர், அம்மா கொடுத்த தேத்தண்ணிக் கோப்பையை வாங்கினார். வாங்கின கை அப்படியே கீழே இறங்கியது. கோப்பை உடையவில்லை, எவர்சில்வர். அது உருண்ட சத்தத்தில்தான் நான் எழும்பினேன். "கை விறைச்சுப் போச்சு, ஒண்டுமில்லை" என்றார். சொல் வழுவழுவென்று வந்தது. அம்மா சித்தாலேப பூசினார், மல்லிக் கோப்பி வைத்தார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து புறா இரத்தம் பூசினால் கேட்கும் என்றார். பிள்ளைகளுக்கு நரம்புத்தொகுதி படிப்பிக்கிற நானும் அரை மணித்தியாலம் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பிறகுதான் 1990 அம்புலன்ஸுக்கு அடித்தேன்.

கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியில் ஸ்கான் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். சி.ரி. எடுக்கும்போது பதினொரு மணி. மூளைக்குப் போகிற குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு வழமையான கணக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணித்தியாலம். ஐந்து மணியிலிருந்து எண்ணினால் ஒன்பதரை. அதைப் பற்றி இனிப் பேசி என்ன.

படத்தைப் பார்த்த இளம் டொக்டர், "இரத்தக்கசிவு இல்லை, மற்றபடி பெரிதாக ஒன்றும் தெரியவில்லை" என்றார். அம்மா அந்த இடத்திலேயே கும்பிட்டார். அண்ணாவுக்கு "படம் கிளியர்" என்று வாட்ஸ்அப் போட்டோம். கட்டிலில் கிடந்தவரின் வலது கை தலையணையிலிருந்து வழுகி விழுந்து தொங்கியது. படம் சுத்தமாம், கை செத்துப்போய்க் கிடக்கிறது. எங்கள் முதல் முட்டாள்தனம் அது. இரத்தக்கசிவு என்றால் சி.ரி.யில் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்பு அப்படியில்லை. இரத்தம் போகாத இடம் கறுத்துத் தெரியப் பல மணித்தியாலம் எடுக்கும். முதல் படத்தின் வேலை, கசிவா அடைப்பா என்று பிரித்துச் சொல்வது. மருந்து அதை வைத்துத்தான். அடுத்த நாள் இரண்டாவது படத்தில் இடது பக்கம் கறுப்பாக ஒரு திட்டு வந்திருந்தது.

மூன்றாம் நாள் பிசியோ பிள்ளை ஒருத்தி வந்தாள். "ஐயா, தோளைப் பக்கவாட்டிலே விரிச்சுப் பாப்பம். விரலை நீட்டுங்கோ பாப்பம்" என்றாள். தோள் கொஞ்சம் விரிந்தது. விரல் நீளவில்லை என்றுதான் நான் சொல்வேன். அவள் அப்பாவின் மணிக்கட்டைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குனிந்து கனநேரம் பார்த்தாள். பிறகு கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினாள். நான் வாசிக்கவில்லை. ஸ்கான் ரிப்போர்ட்டை மட்டும் போனில் படம் பிடித்து அண்ணாவுக்கு அனுப்பினேன்.

அண்ணா அதை அங்கே யாருக்கோ காட்டிவிட்டு, "சி.ரி. காணாது, இஞ்சை எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ.தான் எடுக்கினம், காசைப் பற்றி யோசிக்காதை" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. எம்.ஆர்.ஐ.யில் ஒரு வகைப் படம் அடைப்பு வந்த சில நிமிடங்களிலேயே பாதிப்பைக் காட்டும். நித்திரையிலேயே வந்து, எப்போது தொடங்கியது என்று தெரியாதவர்களில் யாருக்கு ஊசி போடலாம் என்று அந்தப் படத்தை இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. படத்தோடு ஒப்பிட்டுத் தீர்மானிக்கலாம் என 2018 இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆனால் அதெல்லாம் முதல் நாள் கதை. நாங்கள் தனியார் இடமொன்றில் நாள் எடுத்து, டீசலுக்கு அலைந்து, வான் பிடித்து வெளிக்கிட ஏழாம் கிழமை ஆகிவிட்டது.

அந்த ஏழு கிழமையும் கை தலையணையில் கிடந்தது. "படம் வரட்டும், பிழையாய் அசைச்சால் கூடிவிடும்" என்று அம்மா தொட விடவில்லை. பிசியோ சொல்லித்தந்த பயிற்சியை நானும் வற்புறுத்தவில்லை. எனக்குக் குத்துவது இதுதான். ஊசி தவறியதுகூட இவ்வளவு குத்தவில்லை.

எம்.ஆர்.ஐ. அறை வாசலில் ஒரு படிவம் தந்தார்கள். பேஸ்மேக்கர் இருக்கா, தலையில் கிளிப் இருக்கா, உடம்பில் உலோகத் துண்டு இருக்கா. நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்பா இடது கையால் வலது தோளின் பின்பக்கத்தைக் காட்டி, "பீஸ் ஒண்டு கிடக்கு" என்றார். பீஸ் என்றால் குண்டுச் சிதறல். 2009 பங்குனியில், கடைசி யுத்த நேரம், மாத்தளனில் பட்டது. காயக்காரரை வெளியே கொண்டுபோன கப்பலில் ஏற்றுகிற அளவுக்குக் காயம் இல்லையென்று மருந்து கட்டி விட்டதாகச் சொல்வார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். தோளில் உழுந்தளவில் ஒன்று, தெரிந்ததுதான். கழுத்துக்குக் கிட்ட இன்னொன்று இருந்தது. பதின்மூன்று வருடமாக அது அங்கே இருப்பது அவருக்கே தெரியாது.

வழமையான எம்.ஆர்.ஐ. காந்தம் 1.5 டெஸ்லா. பூமியின் காந்தப்புலத்தைவிடச் சுமார் முப்பதாயிரம் மடங்கு. இரும்புத் துண்டு என்றால் இழுபடலாம். எல்லாப் பீஸுக்கும் எம்.ஆர்.ஐ. கூடாது என்றில்லை, என்ன உலோகம், எந்த இடம் என்று பார்த்து டொக்டர்மார்தான் சொல்ல வேண்டும். எங்களுக்கு, கழுத்து என்றபடியால், முடியாது என்றுவிட்டார்கள். நீங்களும் வன்னிப் பக்கம் என்றால் அப்பாவிடம் இதை இன்றைக்கே கேளுங்கள். இங்கே வீட்டுக்கு ஒருவராவது உடம்பில் இரும்போடு திரிகிறார். யுத்தம் முடிந்து முகாமில் பெயர் பதிந்தார்கள், தலை எண்ணினார்கள், யாருக்கு எங்கே பீஸ் இருக்கிறதென்று ஒரு எக்ஸ்ரே எடுத்துக் கையில் தந்தவர்களை நான் காணவில்லை.

திரும்பி வரும்போது முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் வானை நிறுத்தித் தேங்காய் உடைத்தோம். கச்சான் வாங்கினோம். வீட்டில் இரண்டு மூட்டை இருக்க எதற்கு என்று கேட்காதீர்கள், முறிகண்டியில் வாங்காமல் வரமுடியாது.

அன்று இரவு ஆத்திரத்தில் இருந்து படித்தேன். நியூசிலாந்தில் ஓக்லாந்தில் கதி ஸ்டினியர் என்பவரின் குழு, பாரிசவாதம் வந்தவரின் கை மூன்று மாதத்தில் எவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு முறை வைத்திருக்கிறது. 2012 இல் வெளியிட்டபோது அதில் எம்.ஆர்.ஐ.யும் ஒரு படி. 2017 இல் திருத்தியபோது எம்.ஆர்.ஐ.யை எடுத்துவிட்டார்கள், அது இல்லாமலே கணிக்க முடிந்தது. முதல் படி என்ன தெரியுமா? மூன்று நாளுக்குள் தோளை விரிக்க முடிகிறதா, விரலை நீட்ட முடிகிறதா. நெதர்லாந்தில் 2010 இல் வந்த இன்னொரு ஆய்வு: முதல் மூன்று நாளுக்குள் இரண்டும் கொஞ்சமாவது இருந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் கை சிறிதாவது பயன்பட 98 வீத வாய்ப்பு. இரண்டும் இல்லாதவர்களுக்கு 25 வீதம்.

அப்போதுதான் கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்தேன். அவள் எழுதியிருந்த வரி: தோள் விரித்தல் உண்டு, விரல் நீட்டல் மிகச் சிறிது உண்டு. ஏழு கிழமையாக அலுமாரியில் சேலைக்குக் கீழே இருந்த கொப்பி.

ஸ்கான் ஆராய்ச்சி வீண் என்று எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மூளை தன்னை எப்படித் திருத்துகிறது என்று நமக்குத் தெரிந்ததில் பெரும் பங்கு அதனால்தான். லண்டனில் நிக் வார்ட் குழு 2003 இல், அதே நோயாளிகளை மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப ஸ்கானுக்குள் வைத்துக் கையை இறுக்கச் சொல்லிப் பார்த்தது. தொடக்கத்தில் மூளையின் இரண்டு பக்கமும், வேண்டாத இடமெல்லாம் சேர்ந்து, வேலை செய்கிறது. கை தேறத் தேற அந்த அமளி அடங்குகிறது. அதைப் படித்தபோது எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் இப்படியான படங்கள் பலரைச் சேர்த்துப் பார்த்து விளங்கிக்கொள்ள. உங்கள் அப்பாவுக்கு எந்த மாதம் என்று கேட்டால் அதில் பதில் இல்லை.

உங்களுக்கு ஆறு கிழமைதான் ஆகிறது. அமெரிக்காவில் 2021 இல் வெளிவந்த சிறிய ஆய்வொன்றில், கைக்கு மேலதிகமாக இருபது மணித்தியாலப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாம் மூன்றாம் மாதத்தில் பெற்றவர்களுக்குத்தான் கூடப் பலன். 72 பேர்தான், நம்பித் துள்ள வேண்டாம். ஆனாலும் உங்கள் நாள் இன்னும் போகவில்லை. மூன்று மாதத்தோடு எல்லாம் முடிந்தது என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம், எங்களுக்கு அதற்குப் பிறகும் வந்தது. நாளைக்குப் பிசியோவிடம் போய் மூன்று நாளில் என்ன எழுதினார் என்று கேளுங்கள், இப்போது விரல் என்ன செய்கிறதென்று காட்டுங்கள், ஒரு நாளைக்கு எத்தனை தரம் செய்ய வேண்டும் என்று எண்ணிக்கையாகவே கேட்டு எழுதி வாருங்கள். ஸ்கானுக்கு வைத்த காசு ஓட்டோவுக்கு உதவும்.

இன்னொன்று, கேட்காததுதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. கையொப்பம் வைக்கிற வேலை எல்லாவற்றையும் பார்த்து வையுங்கள். கச்சான் விற்ற காசு அப்பாவின் கணக்கில் கிடந்தது. வங்கியில் இடது கைக் கையொப்பம் பொருந்தவில்லை என்றார்கள். ஆள் நேரில், சக்கர நாற்காலியில், அடையாள அட்டையோடு இருக்கிறார். "முந்தி வைச்ச மாதிரி வைக்கச் சொல்லுங்கோ" என்றார் கவுண்டரில் இருந்தவர். முந்தி மாதிரி வைக்க முடிந்தால் நாங்கள் ஏன் அந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வரப்போகிறோம். மூன்று தரம் போனோம். அந்த மாதமே யானையும் வந்து வேலியைப் பிய்த்துவிட்டுப் போனது. சரி, அதை விடுவோம்.

அப்பா இப்போது பின்னேரங்களில் முற்றத்தில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு கச்சான் உடைப்பார். இடது கையால் எடுத்து வலது பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைப்பார். அது பிடிபட ஒரு கணம் எடுக்கும். பிறகு விரல் இரண்டும் நடுங்கி, மெல்ல இறுகி, டப்பென்று கோது வெடிக்கும். சில நேரம் பலம் கூடிப் பருப்பும் சேர்ந்து நசியும். அம்மா முணுமுணுத்துக்கொண்டு நசிந்ததைத் தனியாகப் பொறுக்கிச் சம்பலுக்கு எடுத்து வைப்பார்.